சுருதியை யார் நினைவில் வைத்திருப்பது? எலக்ட்ரிக் கிற்றாரின் வைப்ரேட்டோ பற்றிய ஒரு வரலாறு

எலக்ட்ரிக் கிற்றார் ஒண்டைச் சொந்தமாய்ச் செய்ய வெளிக்கிட்டால், எடுக்கிற முடிவுகளில் கனக்கவற்றைப் பிறகும் மாத்தலாம். பிக்கப் பிடிக்கவில்லையெண்டால் கழற்றிப்போட்டு வேறொண்டைப் பூட்டலாம். சுவிட்ச், வயரிங், நிறம் எல்லாம் அப்பிடித்தான். வைப்ரேட்டோ மட்டும் அப்பிடியில்லை. கம்பிகளின் இழுவையைத் தளர்த்தியும் இறுக்கியும் சுரத்தை அசைக்கிற அந்தப் பொறி, வாசிக்கிற ஆக்கள் 'வேமி பார்' எண்டு சொல்லுகிற கைப்பிடியோட வாற சாமான், எந்த முறையில் இயங்கப்போகுதெண்டதை மரத்தில் உளி வைக்க முதலே தீர்மானிக்க வேணும். ஒரு முறைக்கு உடலை ஊடுருவிப் போகிற பெரிய குழி தேவை. இன்னொரு முறைக்குக் குழியே தேவையில்லை. மூன்றாவது முறைக்கு உடலிலும் குழி, கழுத்தின் மேல்முனையிலும் வெட்டு. வெட்டின மரம் திரும்ப வளராது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கிற்றார் செய்கிறம். பலாப்பலகை இருக்கு, கழுத்து இருக்கு, எந்த வைப்ரேட்டோ எண்ட முடிவு மட்டும் இல்லாமலிருந்தது. எது திறமானது எண்டு கேட்டால் ஒவ்வொரு வாசிப்பாளரும் தான் வைத்திருக்கிறதைத்தான் சொல்லுவினம். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குப் பழக்கமான வழி வேற. ஒரு சாமான் ஏன் இந்த வடிவத்தில் இருக்கெண்டு விளங்க வேணுமெண்டால், அது எந்தப் பிரச்சினைக்குப் பதிலாய் வந்ததெண்டு பார்க்க வேணும். அப்பிடித் தேடிப் பார்த்தபோது, ஏறத்தாழ நூறு வருசக் கதை முழுதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுதெண்டு பட்டது. அசைத்த சுரம் திரும்பி வரவேண்டிய இடத்தை யார் நினைவில் வைத்திருப்பது? வாசிக்கிறவரின் காதா, ஸ்பிரிங்கா, அல்லது பூட்டா?

பிரச்சினை என்ன?

ஒரு கம்பியின் சுருதி அதன் நீளம், பாரம், இழுவை ஆகிய மூன்றிலும் தங்கியிருக்கு. வேமி பார் மாத்துறது இழுவையை. கைப்பிடியை அமத்தினால் கம்பிகள் தளரும், சுருதி இறங்கும். விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கு இழுக்கும், சுருதி ஏறும். சொல்லச் சுகம். ஆனால் கம்பி கழுத்தின் மேல்முனையில் இருக்கிற 'நட்' எண்ட சின்னக் கட்டையின் காடிகளுக்குள்ளால போகுது. அதுக்கு அங்கால டியூனிங் கீயில் சில சுற்றுச் சுற்றியிருக்கு. இந்தப் பக்கம் பிரிட்ஜின் மேல் வளைந்து இறங்குது. தளரும்போது இந்த எல்லா இடங்களிலும் கம்பி ஒரு மயிரளவு நகரும். இறுகும்போது அதே அளவு திரும்பி நகர வேணும். காடியில் கொஞ்சம் சிக்கினாலும் போதும், சுருதி பழைய இடத்துக்கு வராது. காதுக்கு அந்தச் சின்ன வித்தியாசம் பெரிய குறை.

ஆகவே சுருதியைக் கீழ கொண்டுபோறது ஒரு காலமும் பெரிய வேலையாய் இருக்கவில்லை. திருப்பிக் கொண்டுவாறதுதான் வேலை. கீழ பார்க்கப்போகிற ஒவ்வொரு பொறியும் இந்த உராய்வோட செய்துகொண்ட ஒரு உடன்பாடுதான்.

ஹவாயில் தொடங்கின வழுக்கல்

கிற்றாரின் கழுத்தில் குறுக்காய்ப் பதித்திருக்கிற ஃப்ரெட்டுகள், வீணையின் மெட்டுகளைப் போல, சுரங்களைப் படிகளாய் வெட்டி வைக்கின்றன. படியில் ஏறி இறங்கலாம். இரண்டு படிக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போறதுதான் கஷ்டம். வீணைக்காரர் கம்பியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து அந்த இடைவெளியை நிரப்புவார். கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது புதினமில்லை.

ஹவாய்த் தீவுகளில் வேறொரு வழி பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில், கிற்றாரை மடியில் கிடத்தி, விரலால் அமத்துவதற்குப் பதிலாக ஓர் உருக்குத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிக்கிற முறை அங்கே உருவானது. அதைத் தொடக்கி வைத்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜோசப் கெகுகு என்ற ஹவாய் இளைஞர். 1893இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. நாட்டை இழந்த அந்தத் தலைமுறையின் இசை, 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுதும் ஒரு மோகமாய்ப் பரவியது. 1932இல் வெளிவந்த, 'தாச்சி' என்று பட்டப்பேர் பெற்ற ரிக்கன்பேக்கர் எலக்ட்ரிக் கிற்றாரும் மடியில் வைத்து வாசிக்கிற ஹவாய்க் கிற்றார்தான். எலக்ட்ரிக் கிற்றாரின் வரலாறு ஹவாய் மடியிலிருந்துதான் தொடங்குது எண்டு சொன்னால் அது மிகையில்லை.

ஒண்டைக் கவனியுங்கோ. உருக்குத் துண்டால வாசிக்கிறவருக்குத் 'திரும்பி வாற' பிரச்சினை இல்லை. ஒவ்வொரு கணமும் கை எங்க நிக்க வேணுமெண்டு காதுதான் தீர்மானிக்குது. சுருதி பிசகினால் அது கையின் பிசகு. கை உடனே திருத்தும். பொறி எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

சாதாரணக் கிற்றாரில் அந்த வழுக்கலையும் நடுக்கத்தையும் பொறியால கொண்டுவர முயன்ற ஆரம்ப ஆக்களில் முக்கியமானவர் கிளேய்டன் 'டொக்' கவ்ஃப்மன். இவர் தனது கருவிக்கு 1929இல் காப்புரிமை கேட்டார். 'வைப்ரோலா' என்று பேர் வைத்த அந்தக் கருவியின் கைப்பிடி பக்கவாட்டாக அசையும். 1930களில் ரிக்கன்பேக்கர் கிற்றார்களில் அது பூட்டப்பட்டது. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் கைக்குப் பதிலாக மின்மோட்டார் அசைக்கிற ஒரு வகையும் வந்தது, கனகாலம் நிலைக்கவில்லை. கை வைப்ரோலா மட்டும் தப்பிப் பிழைத்தது. ஜோன் லெனன் 1960இல் ஹம்பேர்க்கில் வாங்கின ரிக்கன்பேக்கர் 325இலும் கவ்ஃப்மனின் வைப்ரோலாதான் இருந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு வேறொண்டைப் பூட்டினார்கள். கழற்றினதுக்கான காரணம் கிற்றார்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. போன சுருதி ஒழுங்காய்த் திரும்பி வராது.

மோட்டார்சைக்கிள்காரரின் பதில்

லெனனின் கிற்றாரில் பிறகு ஏறினது பிக்ஸ்பி. போல் பிக்ஸ்பி கலிபோர்னியாவில் டவுனி எண்ட ஊரில் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார்சைக்கிள் ஓட்டப்போட்டிகளில் ஓடினவர், உலோகவேலையில் கைதேர்ந்தவர். கன்ட்ரி இசைக்கலைஞர் மேர்ள் ட்ராவிஸ், தன்ர கிப்சன் கிற்றாரில் இருந்த கவ்ஃப்மன் வைப்ரோலா சுருதிக்குத் திரும்புதில்லையெண்டு அதைத் திருத்தித் தரச்சொல்லி இவரிடம் கொடுத்தார். திருத்தப் போன பிக்ஸ்பி, கடைசியில் புதிதாய் ஒண்டையே செய்தார். 1950களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது.

பிக்ஸ்பியின் யோசனை எளிமையானது. கம்பிகளின் அடிமுனைகளை ஓர் உருளைத் தண்டில் மாட்டினார். அந்தத் தண்டோடு கைப்பிடியை இணைத்தார். கைப்பிடிக்குக் கீழ ஒரேயொரு ஸ்பிரிங். அமத்தினால் தண்டு கொஞ்சம் உருளும், கம்பிகள் தளரும். எல்லாம் கிற்றாரின் மேற்பரப்பிலேயே இருக்கும். மரத்தில் குழி தேவையில்லை. ஆகவே உள்ளே வெறுமையாய் இருக்கிற கிற்றார்களிலும் பூட்டலாம். செட் அட்கின்ஸும், 1958இல் 'ரெபல் ரவுசர்' வாசித்த டுவேன் எடியும் கிரெட்ச் கிற்றார்களில் பிக்ஸ்பியோட வாசித்தவர்கள். அந்தக் கால ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கோ. நீண்டு நிக்கிற ஒரு சுரத்தின் கடைசியில், தண்ணியில் கல்லுப் போட்ட மாதிரி ஒரு சின்ன அலை வரும். அவ்வளவுதான் அதின்ர வீச்சு. அதுக்கு மேல கேட்டால் சுருதி பிசகும்.

திரும்பி வாற பிரச்சினையைப் பிக்ஸ்பி தீர்த்தது, தூரப் போகாமல் விட்டதால. இதைக் குறையாய்ச் சொல்லவில்லை. குறைய அசைத்தால் குறைய உராயும். அதனாலதான் அந்தப் பொறி பெரிய மாற்றமில்லாமல் இண்டைக்கும் உற்பத்தியில் இருக்கு.

ரேடியோ திருத்துறவரின் பதில்

லியோ ஃபெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவில் ஃபுளட்டன் நகரத்தில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். 1945இல் அவர் கிற்றார்த் தொழிலில் இறங்கினபோது பங்காளியாய் இருந்தவர் வேற ஆருமில்லை, அதே டொக் கவ்ஃப்மன்தான். கம்பனியின் பேர் 'கே அண்ட் எஃப்'. அடுத்த வருசமே கவ்ஃப்மன் விலகிவிட்டார். லியோ தொடர்ந்தார். பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும். வைப்ரோலாவைக் கண்டுபிடித்தவரின் பேர் ஓர் அடிக்குறிப்பாய்ச் சுருங்கிப்போச்சு.

1954இல் ஸ்ட்ரட்டோகாஸ்டர் வந்தது. அதை வடிவமைத்ததில் லியோவோட சேர்ந்து வேலை செய்தவர்களில் ஒருவர் ஃப்ரெடி டவாரெஸ். ஹவாயின் மாவுய் தீவில் பிறந்த ஸ்டீல் கிற்றார்க் கலைஞர். வார்னர் பிரதர்ஸின் லூனி டியூன்ஸ் கார்ட்டூன்களின் தொடக்கத்தில் வாற அந்த வழுக்கல் ஒலி இவர் வாசித்தது எண்டுதான் சொல்லப்படுது. பில் கார்சன் போன்ற கன்ட்ரி வாசிப்பாளர்கள் லியோவிடம் கேட்டதும் ஸ்டீல் கிற்றார் மாதிரிச் சுரம் வளைகிற ஒரு கிற்றாரைத்தான். பிக்ஸ்பியை விடத் தூரப் போகவும் வேணும், திரும்பவும் வேணும்.

முதல் முயற்சி தோல்வி. அச்சுகள் எல்லாம் செய்து முடிந்த பிறகுதான் சுரம் நிலைக்காமல் சீக்கிரம் செத்துப்போகுது எண்டது தெரியவந்தது. முழுதையும் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டாவது முறை பிரிட்ஜையும் கம்பி மாட்டுகிற இடத்தையும் ஒரே உறுப்பாக்கினார்கள். பிரிட்ஜ் தகடு முன்பக்கத்தில் ஆறு ஸ்குறூக்களில் ஊசலாடும். தகட்டுக்குக் கீழ பாரமான உலோகக் கட்டையொண்டு மரத்தை ஊடுருவிப் பின்பக்கக் குழிக்குள் இறங்கும். அந்தக் கட்டையை ஐந்து ஸ்பிரிங்குகள் வரை பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். கம்பி அந்தக் கட்டைக்குள்ளால போய் மாட்டுப்படுறதால், பிரிட்ஜ் அசையும்போது கம்பியும் கூடவே அசையும். பிரிட்ஜில் உராய்வு குறையும். சத்தத்துக்குத் தேவையான பாரமும் அந்தக் கட்டையிலிருந்து கிடைத்தது.

இப்ப ஒரு பக்கம் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 100 இறாத்தல் விசையில் இழுக்குது. மற்றப் பக்கம் ஸ்பிரிங்குகள் அதே விசையில் இழுக்குது. இரண்டும் சமப்படுகிற இடந்தான் சுருதி. அதாவது சுருதியை நினைவில் வைத்திருக்கிற பொறுப்பு இப்ப ஒரு தராசிடம் போயிட்டுது. ஒரு கம்பி அறுந்தால் தராசு ஒரு பக்கம் சாயும். மிச்சம் ஐந்தும் சுருதி ஏறிப்போகும். ஒரு கம்பியை விரலால இழுத்து வளைத்தால் மற்றக் கம்பிகள் கொஞ்சம் இறங்கும். தகட்டைப் பின்பக்க ஸ்பிரிங்கால நல்லா இறுக்கி மரத்தோட அமர வைத்தால் இந்தத் தொல்லைகள் கனக்கக் குறையும். ஆனால் சுரத்தைக் கீழ மட்டுந்தான் கொண்டுபோகலாம், மேல ஏத்த ஏலாது.

இந்த இடத்தில் பேர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேணும். இசை மொழியில் சுருதி அசைந்தால் அது வைப்ரேட்டோ. சத்தத்தின் அளவு கூடிக் குறைந்தால் அது ட்ரெமலோ. பிக்ஸ்பி தன்ர பொறியைச் சரியான பேரில்தான் விற்றார். ஃபெண்டர் 1956இல் பெற்ற காப்புரிமையிலோ அது ட்ரெமலோ எண்டிருக்கு. அதே 1956இல் அதே கம்பனி வெளியிட்ட 'வைப்ரோலக்ஸ்' அம்ப்ளிஃபயரில் அசைந்தது சுருதியில்லை, சத்தத்தின் அளவு. இரண்டு பேரும் இடம்மாறிப் போயின. ஃபெண்டர்தான் கனக்க விற்றது. ஆகவே பிழையான பேர்தான் நிலைத்தது. இண்டைக்கும் கடையில் போய் ட்ரெமலோ பிரிட்ஜ் எண்டு கேட்டால்தான் சாமான் வரும். ஒரு சொல்லின் பொருளை இலக்கணம் தீர்மானிக்கிறதில்லை, சந்தை தீர்மானிக்குது எண்டதுக்கு இதை விட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒருவரும் வேண்டாத பொறி

1958இல் ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டரைக் கொண்டுவந்தது. அதின்ர வைப்ரேட்டோ வேற மாதிரி. ஸ்பிரிங் உடலுக்குள் மேலோட்டமான ஒரு குழியில் இருக்கும். பிரிட்ஜ் தனியாக நிண்டு கம்பியோட சேர்ந்து ஆடும். ஒரு சின்னப் பூட்டும் உண்டு. கம்பி அறுந்தால் அதைத் தள்ளிவிட்டு மிச்சக் கம்பிகளைச் சுருதியில் வைத்திருக்கலாம். ஜாஸ் வாசிப்பாளர்களுக்காகச் செய்த கிற்றாரை அவர்கள் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. கலிபோர்னியாவின் கடற்கரைகளில் சேர்ஃப் இசை வாசித்த பெடியன்கள்தான் எடுத்தார்கள். 1960களின் தடித்த கம்பிகளுக்கு அமைத்த பிரிட்ஜ் அது. பிறகு மெல்லிய கம்பிகள் பழக்கத்துக்கு வந்தபோது, பலமாய் அடித்தால் கம்பி காடியை விட்டுத் துள்ளுது எண்ட முறைப்பாடு எழுந்தது. 1980 அளவில் உற்பத்தி நின்றது.

ஒருவரும் வேண்டாததால விலை விழுந்தது. விலை விழுந்ததால காசில்லாத ஆக்களின் கைக்கு வந்தது. சோனிக் யூத், டைனோசோர் ஜூனியர் போன்ற குழுக்கள் அதை வாசித்தன. மை பிளடி வலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், கைப்பிடியை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டே கம்பிகளை அடித்தார். ஒவ்வொரு கோர்டும் நிக்காமல் சரிந்துகொண்டேயிருக்கும். 1991இல் வந்த 'லவ்லெஸ்' இசைத்தொகுப்பு முழுதும் அந்தச் சரிவுதான். சுருதி சரியாய் ஓர் இடத்துக்குத் திரும்பவேணுமெண்ட கவலையையே அவர் கைவிட்டார். பொறியாளர் குறையெண்டு கண்டதை இசைக்காரர் மொழியாக்கினார்.

1969, காலைநேரம்

1969 ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. வூட்ஸ்டொக் விழாவின் கடைசி நிகழ்ச்சியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்கத் தேசியகீதத்தை வாசித்தார். இடதுகைக்காரரான அவர் வலதுகைக்காரருக்குச் செய்த ஸ்ட்ரட்டோகாஸ்டரைத் தலைகீழாய்ப் பிடித்து வாசித்தவர். கைப்பிடி மேற்பக்கத்தில் இருக்கும். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம். அவரும் முதல் அமெரிக்க இராணுவத்தில் பரசூட் வீரராக இருந்தவர். பாட்டு அறிமுகமான மெட்டில் தொடங்கும். குண்டுகளைப் பற்றிய வரிகள் வாற இடத்தில் கைப்பிடி அமருது, சுரங்கள் வானத்திலிருந்து விழுற மாதிரி விழுகுது, அலறுது. பிறகு எல்லாம் ஓய்ந்து மெட்டு திரும்பி வருது. தேசியகீதத்தை எந்த மொழியில் பாடலாமெண்டு இன்னும் சண்டை பிடிக்கிற ஒரு நாட்டிலிருந்து கேட்கிற எங்களுக்கு, ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு கீதத்தைக் கேள்வி கேட்கலாமெண்டது சின்ன விசயமில்லை.

கன்ட்ரி வாசிப்பாளருக்காக, சுரத்தை மெதுவாய் வளைக்கச் செய்த பொறி அது. ஹென்ட்ரிக்ஸ் அதைத் தன் எல்லைக்கு வெளியே கொண்டுபோனார். அதுக்கான விலையையும் கொடுத்தார். மேடையில் பாட்டுகளுக்கிடையிலும், சிலவேளை பாட்டுக்குள்ளேயும், திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்தார். பொறி மறந்ததை அவருடைய காது நினைவில் வைத்திருந்தது.

பூட்டுப் போட்டவர்

ஹென்ட்ரிக்ஸைக் கேட்டு வளர்ந்த ஃப்ளொயிட் ரோஸுக்கு, இந்தத் திரும்பச் சுருதி சேர்க்கிற வேலை பிடிக்கவில்லை. நகைவேலையும் தெரிந்த கிற்றார்காரர் அவர். சிக்கல் நட்டில் இருக்கெண்டு கண்டார். கம்பி நட்டில் நகருறதாலதானே சிக்குது. நகர விடாமலே செய்தால்? 1977இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1979இல் பெற்றார். நட்டில் ஒரு பூட்டு, பிரிட்ஜில் ஒரு பூட்டு. இரண்டு பூட்டுக்கும் நடுவில் கம்பி சிறைப்பட்டிருக்கும். பிரிட்ஜ் தகடு கத்தி விளிம்பு மாதிரியான இரண்டு முனைகளில் மட்டும் ஊசலாடும். கம்பிகள் தொங்கிப்போகிற அளவுக்குக் கைப்பிடியை அமத்திவிட்டு விட்டாலும் சுருதி திரும்பி வரும்.

ஆரம்பத்தில் கையால செய்த பிரதிகளை வாங்கினவர்களில் ஒருவர் எடி வான் ஹேலன். இவரின்ர கதை சொந்தமாய்க் கிற்றார் செய்கிற ஆக்கள் எல்லாருக்கும் பாடம். 50 டொலருக்கு வாங்கின உடலையும் 80 டொலருக்கு வாங்கின கழுத்தையும் தானே பூட்டி, தானே வர்ணமடித்து அவர் செய்த கிற்றார், 2019இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1978இல் வந்த 'இரப்ஷன்' பழைய ஸ்ட்ரட்டோகாஸ்டர் முறை வைப்ரேட்டோவில் வாசித்தது எண்டதையும் மறக்கக்கூடாது; ரோஸின் பூட்டு அவருடைய கிற்றாரில் ஏறினது அதுக்குப் பிறகுதான்.

நட்டைப் பூட்டின பிறகு டியூனிங் கீயைத் திருகிப் பிரயோசனமில்லை. ஆகவே பிரிட்ஜிலேயே சின்னத் திருகிகள் சேர்க்கப்பட்டன. 1980கள் முழுதும் இந்த முறைதான் ஆட்சி செய்தது. 1987இல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் வெளியிட்ட ஜெம் கிற்றாரில், கைப்பிடியை மேல்நோக்கியும் இழுக்கலாமெண்டு பிரிட்ஜுக்குப் பின்னால மரத்தில் குழி தோண்டியிருந்தது.

ரோஸ் பிரச்சினையைத் தீர்த்தார் எண்டதில் சந்தேகமில்லை. ஆனால் பூட்டு நினைவில் வைத்திருக்கிறது ஒரே ஒரு சுருதியைத்தான். வேற சுருதியில் வாசிக்க வேணுமெண்டால் பூட்டுத் திறக்க வேணும், தராசைத் திரும்பச் சமப்படுத்த வேணும். கம்பி மாத்துறதுக்குச் சாவி வேணும், பொறுமை வேணும்.

பூட்டில்லாமலும் வழி தேடினார்கள். 1985இல் போல் ரீட் ஸ்மித் தன் கம்பனியைத் தொடங்கியபோது, பழைய ஆறு ஸ்குறூ முறையையே எடுத்து, ஸ்குறூவில் கீறல் போட்டுத் தகட்டைக் கத்தி விளிம்பாய் உட்கார வைத்து, கம்பியைக் கீயிலேயே பிடிக்கிற டியூனர்களைப் பூட்டினார். உராய்கிற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்தால் பூட்டுத் தேவையில்லை எண்டது அவருடைய வாதம்.

ஜெஃப் பெக் இன்னொரு எல்லை. 1989இல் அவர் வாசித்த 'வேர் வேர் யூ'வில் முழு மெட்டையும் ஹார்மொனிக் சுரங்களாலும் கைப்பிடியாலும் எடுத்தார். ஃப்ரெட் அங்கே சுருதியைத் தீர்மானிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்திருக்கிற கை தீர்மானிக்குது. 2001இல் நிதின் சாஹ்னியின் 'நாடியா'வை வாசித்தபோது, ஒரு பாடகியின் குரலில் வாற வளைவுகளைக் கிற்றாரில் பிடித்தார். கெகுகுவின் உருக்குத் துண்டு செய்த வேலைக்கே கதை சுற்றி வந்து நிக்குது. சுருதியின் பொறுப்பு திரும்பவும் காதுக்கு.

அப்ப எதைத் தெரிவு செய்யிறது?

இந்த வரலாற்றை ஒவ்வொண்டும் முந்தினதை விடத் திறம் எண்டு வாசித்தால் ஃப்ளொயிட் ரோஸோட கதை முடியவேணும். ஆனால் பிக்ஸ்பி இன்னும் விற்குது, ஜாஸ்மாஸ்டர் உயிர்த்தெழுந்திருக்கு, ஸ்ட்ரட்டோகாஸ்டர் முறை எங்கும் இருக்கு. ஒரு பதிலும் மற்றதைச் சாகடிக்கவில்லை, ஏனெண்டால் ஒவ்வொருத்தரும் பிரச்சினையை வேற இடத்துக்குத் தள்ளி வைத்தார்களே தவிர இல்லாமலாக்கவில்லை. பிக்ஸ்பி அதைக் குறுகின வீச்சுக்குள் வைத்தார். லியோ தராசுக்குள் வைத்தார். ரோஸ் பூட்டுக்குள் வைத்தார். ஆகவே எது திறம் எண்டதை விட, எந்தத் தொல்லையோட உங்களால வாழ ஏலும் எண்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மரத்தை வெட்டாமல், சுரத்தின் ஓரத்தில் சின்ன அலை மட்டும் வேணுமெண்டால் பிக்ஸ்பி. ஒரே சுருதியில், ஒரே ஆள், கம்பி தொங்கிற வரைக்கும் அமத்தி வாசிக்கப் போறாரெண்டால் ஃப்ளொயிட் ரோஸ். ஆனால் அந்தக் குழிகளையும் நட் வெட்டையும் அளவு பிசகாமல் வெட்டுற கை இருக்க வேணும். தடித்த கம்பியோட, சரிகிற கோர்டுகளில் ஆசையெண்டால் ஜாஸ்மாஸ்டர் முறை. ஒண்டும் வேண்டாமெண்டு நிலையான பிரிட்ஜ் பூட்டுறதும் மரியாதையான முடிவுதான். உலகத்தின் எத்தனையோ பெரிய பாட்டுகள் அப்பிடி வாசிக்கப்பட்டவை.

எங்கட நிலைமை வேற. ஒரு கிற்றார், நாலு பேர். ஒருவர் சாதாரணச் சுருதியில் வாசிப்பார். இன்னொருவர் கர்நாடக இசைப் பயிற்சி உள்ளவர், தன் வசதிக்குக் கம்பிகளை வேற மாதிரிச் சேர்ப்பார். கம்பி அறுந்தால் வாசிப்பு நிக்கக்கூடாது. பூட்டு இந்தக் கூட்டத்துக்குச் சரிவராது. ஆகவே ஸ்ட்ரட்டோகாஸ்டர் முறையைத்தான் தெரிவு செய்தம். முதலில் தகட்டை மரத்தோட அமர வைத்துக் கீழ்நோக்கி மட்டும் அசைக்கிற மாதிரிப் பூட்டுறம். பலகையை 45 மில்லிமீற்றர் தடிப்பில் வைக்க வேணும், இல்லாட்டி அடிக்கட்டை பின்பக்கத்தால வெளியே தள்ளும். காசில் மிச்சம் பிடிக்கிறதெண்டால் மினுக்கத்தில் பிடிப்பம், நட்டில் பிடிக்க மாட்டம். காடிகளை வழுவழுப்பாய் அராவி, பென்சில் கரி பூசினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பிறகொரு நாள் ஆருக்காவது ஜெஃப் பெக் மாதிரி மேலேயும் கீழேயும் போக ஆசை வந்தால், ஸ்பிரிங்கைத் தளர்த்தி அதே தகட்டை மிதக்க விடலாம். புதிதாய் ஒரு குழியும் வெட்டத் தேவையில்லை.

நாலு பேரில் ஆருடைய காது எவ்வளவு தூரம் போகுமெண்டு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதனாலதான் பிறகும் மாத்தக்கூடிய முடிவை எடுத்தம்.